நெஞ்சறிந்த பழி

கொலை செய்தவரைச் சட்டம் தண்டிக்கிறது, உலகம் வெறுக்கிறது. ஆயினும், கொலைப்பழியைச் சுமந்து வாழும் சில கதைமாந்தரை இலக்கியத்தில் சந்திக்கும்போது நம் மனம் அவர்பால் சாய்கிறது. அவர்கள் செய்தது சரியென்று நாம் கருதுவதில்லை. இறந்தவரை மறந்துவிடுவதும் இல்லை. எனினும், அவர்கள் உறக்கமின்றிப் புரளும் இரவுகளில் நாமும் உடன் விழித்திருக்கிறோம். இவ்விரக்கம் எங்கிருந்து பிறக்கிறது? தயரதன், ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கி படைத்த ரஸ்கோல்னிகோவ், சிலப்பதிகாரத்து மாடலன் ஆகிய மூவரைக்கொண்டு இதனை ஆராயலாம்.

சிலப்பதிகாரம் என்றவுடன் பாண்டியன் நெடுஞ்செழியனே முதலில் நினைவுக்கு வருவான். கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கப்பரல் தெறித்ததும், தன் ஆணையால் இறந்தவன் குற்றமற்றவன் என்பதை அவன் உணர்ந்தான். அக்கணமே உயிர் துறந்தான். அவனது அவலம் பெரிதுதான். ஆனால், பழியோடு கழிக்கவேண்டிய ஓர் இரவுகூட அவனுக்கு வாய்க்கவில்லை. மேலும், அவனிடம் வழக்குரைக்கக் கண்ணகி இருந்தாள். இங்கு நாம் காணவிருப்போர் வேறு வகையினர். உயிர் போனபின்னும் இவர்கள் உண்கிறார்கள், உறங்க முயல்கிறார்கள். வழக்குரைப்போர் எவரும் வாயிலில் வந்து நிற்பதில்லை. வாதியும் சான்றும் நடுவரும் அவரவர் நெஞ்சேயாக அமைந்துவிடுகின்றன.

ஓசையை நோக்கி எய்த அம்பு

இராமன் கானகம் சென்ற ஆறாம் நாள் இரவு. அரசன் தயரதன் அரண்மனையில் வீழ்ந்து கிடக்கிறான். அருகில் கோசலை இருக்கிறாள். அப்பொழுது, பல்லாண்டுகளாகத் தன்னுள் கிடந்த ஒரு செய்தியை அவன் அவளிடம் சொல்லத் தொடங்குகிறான். வால்மீகி இராமாயணம் இக்காட்சியை விரிவாகத் தருகிறது. கம்பரும் அயோத்தியா காண்டத்தில் இதனைத் தயரதன் வாய்மொழியாகவே அமைக்கிறார்.

இளமையில் அவன் தேர்ந்த வில்லாளன். இலக்கைக் கண்ணால் காணாமல், எழும் ஓசையை மட்டும் கொண்டு அம்பு எய்யும் திறனால் புகழ் பெற்றவன். ஒரு மழைக்கால இரவில், சரயு ஆற்றங்கரையில் விலங்கு நீருண்ண வருமென்று காத்திருந்தான். இருளில் குடத்தில் நீர் நிறையும் ஓசை எழுந்தது. யானை எனக் கருதி அம்பைச் செலுத்தினான். பதிலுக்கு எழுந்ததோ மனிதக் குரல்! பார்வையற்ற தாய் தந்தையர்க்குத் தண்ணீர் முகக்க வந்த இளைஞன் அங்கே வீழ்ந்து கிடந்தான்.

வால்மீகியின் கதையில், அம்பைப் பிடுங்கினால் இளைஞனின் உயிர் போகும். பிடுங்காவிட்டால் அவன் வேதனை தீராது. தயரதன் செய்வதறியாது நடுங்குகிறான். அவ்விளைஞனே அவனுக்குத் தேறுதல் சொல்லி, அம்பை எடுத்துவிடுமாறு கேட்கிறான். பின்னர், நீர் நிறைந்த குடத்துடன் தயரதன் அம்முதியோரை நாடி நடக்கிறான். காலடி ஓசை கேட்ட தந்தை, மகன்தான் வந்துவிட்டான் என்றெண்ணி, ஏன் இத்துணைத் தாமதம் என வினவுகிறார். கொலை நிகழ்ந்த இடத்தினும் இவ்விடமே கொடிது. ஓசையால் ஏமாந்து தயரதன் ஓர் உயிரைப் பறித்தான்; அதே இரவில் அவனது காலடி ஓசை ஒரு தந்தையை ஏமாற்றியது.

மகனைப் பிரிந்த துயரால் நீயும் இறப்பாய் என்று சாபமிட்டு, மனைவியோடு எரிபுகுந்தார் அம்முதியவர். அச்சாபத்தைக் கேட்ட தயரதனின் உள்ளத்தில் எழுந்தது அச்சமன்று என்பது வியப்புக்குரியது. மக்கட்பேறு இல்லாத அவனுக்கு, மகனைப் பிரிந்து இறப்பாய் என்னும் சொல், மகன் பிறப்பான் என்னும் நற்செய்தியாகவும் ஒலித்தது. காளிதாசர் தம் இரகுவம்சத்தில் இக்கருத்தைத் தெளிவாக அமைத்துள்ளார்; கம்பரின் தயரதனும் மைந்தன் உண்டாவான் என்ற மகிழ்வோடு மீண்டதாகவே கூறுகிறான். பிறர் மகனைக் கொன்ற நாளிலேயே தனக்கு மகன் உண்டென மகிழ்ந்த மனிதன் அவன். இதனை அவன் மறைத்துச் சொல்லியிருக்கலாம். மறைக்காமல் கோசலையிடம் சொல்வதால்தான் அவன்மீது நமக்கு நம்பிக்கை பிறக்கிறது.

இறுதி நாள்களில் அவன் கண்களும் ஒளி இழக்கின்றன. உன்னைக் காண முடியவில்லை, கையால் தொடு என்று கோசலையிடம் வேண்டுகிறான். தன்னால் மகனை இழந்த பார்வையற்ற தந்தையின் நிலைக்கே அவன் வந்து சேர்ந்துவிட்டான். கைகேயியின் வரம், மந்தரையின் சூழ்ச்சி என வெளிக்காரணங்கள் பல இருந்தும், சாகும் வேளையில் அவன் அவற்றைத் தன் முடிவுக்குக் காரணமாகக் கொள்ளவில்லை. குடத்தில் நீர் நிறைந்த அந்த ஓசையிடமே திரும்புகிறான்.

மூன்றுமுறை இழுத்த மணி

தயரதன் அறியாமல் கொன்றான். அறிந்தே, திட்டமிட்டே கொன்றவனிடம் இரக்கம் தோன்றுமா? 1866ஆம் ஆண்டு வெளிவந்த ‘குற்றமும் தண்டனையும்’ என்னும் நாவலில் தஸ்தயேவ்ஸ்கி இவ்வினாவையே எடுத்துக்கொண்டார். இதனை எழுதும் தகுதி அவர்க்கு வாழ்க்கையால் வந்தது. 1849இல் அரசியல் குற்றத்திற்காக மரணதண்டனை விதிக்கப்பட்டு, துப்பாக்கிகளின் முன் நிறுத்தப்பட்டு, இறுதி நேரத்தில் உயிர் பிழைத்தவர் அவர். பின்னர் சைபீரியச் சிறையில் நான்காண்டுகளைக் கொலைக்குற்றவாளிகளிடையே கழித்தார்.

அவரது கதைத்தலைவன் ரஸ்கோல்னிகோவ், பீட்டர்ஸ்பர்க் நகரில் வறுமையில் வாடும் மாணவன். பெருஞ்செயல் புரியப் பிறந்தோர் அறத்தின் எல்லையைக் கடக்கலாம் என்று கருதும் அவன், அடகு பிடிக்கும் மூதாட்டி ஒருத்தியைக் கோடரியால் கொல்கிறான். அவ்வேளையில் எதிர்பாராது அங்கு வந்த அவளது தங்கை லிசவெத்தாவும் அவன் கையால் இறக்கிறாள். ஆறு பகுதிகளைக் கொண்ட நாவலில் இக்கொலைகள் முதற்பகுதியிலேயே முடிந்துவிடுகின்றன. எஞ்சியவை யாவும் அதற்குப் பிந்திய நாள்களே. கொலையாளி யார் என்று தேடும் கதை அன்று இது. கொலைக்குப்பின் ஒருவன் எவ்வாறு மூச்சுவிடுகிறான் என்று காணும் கதை.

திருடிய பொருளை அவன் எண்ணிக்கூடப் பார்ப்பதில்லை. ஒரு கல்லின் அடியில் புதைத்ததோடு சரி. பின்னொரு நாள் அவன் கால்கள் தாமாகவே கொலை நிகழ்ந்த வீட்டிற்கு அவனை இட்டுச்செல்கின்றன. அங்கே பணியாளர்கள் சுவர்களில் புதிய தாள் ஒட்டிக்கொண்டிருக்கின்றனர். அம்மாற்றம் அவனுக்குப் பிடிக்கவில்லை. தடயம் அழிந்தால் மகிழவேண்டியவன் அவனல்லவா? ஆனால், வீடு அந்நிகழ்வை மறந்துவிட்டால், அதனை நினைவில் வைத்திருக்கும் ஒரே இடம் அவன் நெஞ்சாகிவிடும். வாயிலில் தொங்கும் அழைப்புமணியை அவன் இழுக்கிறான், மீண்டும் இழுக்கிறான், மூன்றாம் முறையும் இழுத்துவிட்டு அவ்வோசையைக் கூர்ந்து கேட்கிறான். தயரதனுக்குக் குடத்தின் ஓசை. இவனுக்கு மணியின் ஓசை.

வேறொருவன் அக்கொலைகளைத் தான் செய்ததாகப் பொய்யாக ஒப்புக்கொள்கிறான். புலனாய்வு அதிகாரியின் கையிலும் திண்ணிய சான்று எதுவும் இல்லை. தப்பிச்செல்ல வழி திறந்தே கிடந்தது. இருந்தும் அவன் சோனியா என்னும் ஏழைப் பெண்ணிடம் உண்மையைச் சொல்கிறான். அவளோ லிசவெத்தாவின் தோழி. அவள் வைத்திருக்கும் விவிலிய நூல் லிசவெத்தா தந்தது. இறந்தவளின் அன்புக்குரியவளே அவனுக்காகக் கண்ணீர் வடிக்கிறாள். நாற்சந்தியில் மண்ணை முத்தமிட்டுக் குற்றத்தை அறிவிக்குமாறு அவள் கூற, முடிவில் அவன் தானாகவே காவல் நிலையம் சென்று சரணடைகிறான். எட்டு ஆண்டுக் கடுங்காவல் கிடைக்கிறது.

தஸ்தயேவ்ஸ்கி இங்கும் எளிய வழியில் செல்லவில்லை. சைபீரியாவில் ரஸ்கோல்னிகோவ் உடனே மனம் வருந்துவதில்லை. தன் கோட்பாடு பிழையென்று அவன் அறிவு நெடுநாள் ஏற்கவில்லை. தாங்கமுடியாமல் போயிற்றே என்றுதான் வெட்குகிறான். அறிவு மறுத்ததை உடல் முன்னரே அறிந்திருந்தது. காய்ச்சலாகவும் கனவாகவும் மணியோசையாகவும் அது அவனைத் துரத்தியது. அழகாக மன்னிப்புக் கேட்பவரைவிட, இவ்வாறு தன்னோடு தானே ஒத்துப்போக முடியாமல் திணறுபவனிடம் நம் இரக்கம் ஆழமாகச் செல்கிறது.

செய்தி சொன்னவன்

கையில் அம்போ கோடரியோ இல்லாதவரும் இப்பழியைச் சுமப்பதுண்டு. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில், மதுரைப் புறஞ்சேரியில் கோவலனைச் சந்திக்கும் மாடலன், கோவலன் முன்பு செய்த நற்செயல்களை நினைவூட்டுகிறான். அவற்றுள் ஒன்று, கீரிப்பிள்ளையைக் கொன்ற பார்ப்பனப் பெண்ணின் கதை. அவள் கையால் உண்ணுதல் தகாது என்று கணவன் அவளைப் பிரிந்து வடதிசை சென்றான். அவன் தந்த ஏட்டை ஏந்தி, வணிகர் தெருவில் மாடந்தோறும் அவள் அலைந்தாள். கோவலன் அவளை அழைத்து, ஏட்டைப் படித்து, பழி நீங்கத் தானம் செய்து, பிரிந்த கணவனையும் சேர்த்துவைத்தான்.

இக்கதையைச் சொல்லும் மாடலனுக்குப் பின்னாளில் அவளது நிலையே நேர்கிறது. கோவலன் கொலையுண்டதையும் மதுரை எரிந்ததையும் அவன் புகார் நகரில் சென்று கூறுகிறான். கேட்ட தந்தையர் இருவரும் துறவு பூண்டனர். கோவலனின் தாயும் கண்ணகியின் தாயும் துயரால் இறந்தனர். மாடலன் பொய் சொல்லவில்லை, தீங்கு நினைக்கவும் இல்லை. நடந்ததை நடந்தவாறே உரைத்தான். எனினும், தன் வாய்ச்சொல் கேட்டு இறந்தோர் உளர் என்பதால் அப்பழி நீங்கக் கங்கையாட வந்ததாகச் சேரன் செங்குட்டுவனிடம் கூறுகிறான்.

பார்ப்பனப் பெண்ணின் ஏட்டைப் படிக்க ஒரு கோவலன் இருந்தான். மாடலன் கங்கைக்கரையில் நின்றபோது அக்கோவலன் உயிரோடு இல்லை. உன்மீது குற்றமில்லை என்று அவனிடம் சொல்வார் எவரும் அக்காதையில் இல்லை. செங்குட்டுவன் அவன் கூறியதைக் கேட்டுவிட்டு, பாண்டிய நாட்டின் நிலை இப்போது என்ன என்று அடுத்த வினாவைத் தொடுக்கிறான்.