கரிச்சதுப்பு நிலமும் உழவர் உரிமையும்

ஒரு நிலத்தைக் காக்க வேண்டுமெனில் அதில் நீர் நிற்க வேண்டும். அதே நிலத்தில் நெல்லோ எண்ணெய்ப்பனையோ பயிரிட வேண்டுமெனில் நீர் வடிய வேண்டும். கரிச்சதுப்பு நிலங்கள் உள்ள நாடுகள் பலவற்றில் இம்முரண்பாடு இன்று பெருஞ்சிக்கலாக உருவெடுத்துள்ளது. நிலத்தைக் காப்பது உலகின் தேவை. நிலத்தை நம்பி வாழ்வது உழவரின் உரிமை. இவ்விரண்டும் ஒன்றையொன்று எதிர்கொண்டபோது நேர்ந்தது என்ன என்பதை அறிய, இந்தோனேசியாவின் வரலாறு பெரிதும் துணைபுரிகிறது.

கரிச்சதுப்பு நிலம் தோன்றும் முறை

செடிகொடிகள் பட்டு விழுந்தால் நுண்ணுயிரிகள் அவற்றைச் சிதைத்து மட்கச் செய்யும். அச்செயலுக்கு ஆக்சிஜன் வேண்டும். ஆண்டு முழுவதும் நீர் தேங்கியிருக்கும் இடங்களில் ஆக்சிஜன் மண்ணுக்குள் எளிதில் புகுவதில்லை. ஆகவே இலையும் வேரும் மரக்கட்டையும் முழுமையாக மட்காமல் அடுக்கடுக்காகச் சேர்கின்றன. இவ்வாறு உருவாகும் கருமை கலந்த பழுப்பு நிற மண்ணே ‘பீட்’ எனப்படுகிறது. நிலக்கரி உருவாவதன் தொடக்க நிலை என்பதால் இதனை முற்றா நிலக்கரி என்றும் கூறுவர். இம்மண் நிறைந்த நிலமே இப்பாடத்தில் கரிச்சதுப்பு நிலம் எனக் குறிக்கப்படுகிறது.

இந்நிலம் மிக மெதுவாகவே வளர்கிறது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் மண் சேரும் என்று கொண்டால், ஒரு மீட்டர் ஆழம் உருவாக ஆயிரம் ஆண்டுகள் ஆகும். உலக நிலப்பரப்பில் இத்தகைய நிலங்கள் ஏறத்தாழ 3 விழுக்காடு மட்டுமே. ஆயினும், உலகக் காடுகளின் மரஞ்செடிகள் அனைத்திலும் உள்ளதைவிட மிகுதியான கரிமம் இவற்றின் மண்ணில் அடங்கியுள்ளது.

வட ஐரோப்பா, இரசியா, கனடா, ஆப்பிரிக்காவின் காங்கோ ஆற்றுப்படுகை, தென்கிழக்கு ஆசியா ஆகிய பகுதிகளில் இந்நிலங்கள் பரந்து காணப்படுகின்றன. இந்தியாவில் இவற்றின் பரப்பு குறைவு. நீலகிரியின் மலைச் சதுப்புகளிலும், கேரளத்தின் குட்டநாட்டில் ‘கரி’ என்றே வழங்கப்படும் கருநிற வயல்களிலும் இவ்வகை மண்ணைக் காணலாம்.

நீர் வடிந்தால் நேர்வது

கால்வாய் வெட்டி நீரை வடித்தால் மண் உலர்கிறது. நீர் இருந்த இடத்தில் காற்றுப் புகுகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்காதிருந்த பொருள்கள் மட்கத் தொடங்குகின்றன. அவற்றிலிருந்த கரிமம் கார்பன் டை ஆக்சைடாக மாறி வளிமண்டலத்தில் கலக்கிறது. மண் குறையக் குறைய நிலமும் தாழ்கிறது. தென்கிழக்கு ஆசியத் தோட்டங்களில் நீரை வடித்த முதல் ஐந்தாண்டுகளில் நிலம் ஒரு மீட்டருக்கும் மேலாகத் தாழ்ந்தது. அதன்பின் ஆண்டுதோறும் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தாழ்ந்துவருவது கண்டறியப்பட்டது. தாழ்ந்துகொண்டே செல்லும் நிலத்தில் ஒரு நாள் ஆற்று வெள்ளமோ கடல்நீரோ புகும். ஆகவே, நீரை வடித்துச் செய்யும் வேளாண்மை தன் அடித்தளத்தைத் தானே அரித்துவிடுகிறது.

தீயால் விளையும் இடர் இதனினும் கொடியது. உலர்ந்த கரிமண் விறகைப் போல எரியும். மேலே தோன்றும் சுடரை அணைத்த பின்னும் தீ மண்ணுக்கடியில் கனன்று, வாரக்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும். பெருமழை பெய்து நிலத்தடி நீர் உயர்ந்தால்தான் அது முற்றும் அடங்கும்.

ஆற்றங்கரை மக்களின் வேளாண்மை

இந்தோனேசியாவின் சுமத்திரா, கலிமந்தான், பப்புவா ஆகிய பகுதிகளில் ஒரு கோடி எக்டேருக்கும் மிகுதியான கரிச்சதுப்பு நிலம் உள்ளது. போர்னியோத் தீவின் இந்தோனேசியப் பகுதியே கலிமந்தான். அங்குக் கபுவாஸ், ககாயான், பாரித்தோ முதலிய ஆறுகளின் கரைகளில் தாயாக் மக்களும் பஞ்சார் மக்களும் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர்.

இம்மக்கள் ஆழமான சதுப்பின் நடுப்பகுதியைப் பெரும்பாலும் உழுதுபயிரிடவில்லை. ஆற்றின் வண்டல் படிந்த கரைகளிலும் ஆழம் குறைந்த ஓரங்களிலும் நெல் விளைவித்தனர். இரப்பர் மரங்களையும் பிரம்பையும் வளர்த்தனர். பஞ்சார் உழவர் ஆற்றிலிருந்து சிறு வாய்க்கால்களை வெட்டி, கடலலையின் ஏற்றவற்றத்திற்கு ஏற்ப நீரைப் பாய்ச்சியும் வடித்தும் பயிர் செய்தனர். தாயாக் மக்கள் சிறு பரப்பில் புதரை வெட்டி, காவலிருந்து தீயிட்டு, அச்சாம்பலில் விதைத்தனர். சாம்பல் மண்ணின் அமிலத்தன்மையைக் குறைத்து ஊட்டம் அளித்தது. உரம் வாங்க வசதியற்ற குடும்பங்களுக்குத் தீயே மலிவான வேளாண் கருவியாக இருந்தது.

பத்து இலட்சம் எக்டேர் நெல் திட்டம்

1984-ஆம் ஆண்டில் அரிசி உற்பத்தியில் தன்னிறைவு அடைந்த இந்தோனேசியா, பின்னர் மீண்டும் அரிசியை இறக்குமதி செய்யும் நிலைக்குத் தள்ளப்பட்டது. இக்குறையைப் போக்க, 1995-இல் அன்றைய குடியரசுத் தலைவர் சுகார்த்தோ ஒரு பெருந்திட்டத்தை அறிவித்தார். மத்தியக் கலிமந்தானில் பத்து இலட்சம் எக்டேர் சதுப்பு நிலத்தை நெல்வயலாக்குவது அதன் நோக்கம். காடுகள் அழிக்கப்பட்டன. 4,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்திற்குக் கால்வாய்கள் வெட்டப்பட்டன. ஜாவா முதலிய தீவுகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்குக் குடியமர்த்தப்பட்டன.

நெல் எதிர்பார்த்தபடி விளையவில்லை. ஆழ்ந்த கரிமண்ணில் ஊட்டம் இல்லை, அமிலத்தன்மையோ மிகுதி. பெருங்கால்வாய்கள் சதுப்பின் நீரை வடித்தனவேயன்றி வயல்களுக்குப் பயன்படவில்லை. தாயாக் மக்களின் இரப்பர்த் தோட்டங்களும் பிரம்புத் தோட்டங்களும் கால்வாய்களின் வழியில் அழிந்தன. புதிதாகக் குடியேறியோரும் விளைச்சலின்றி வறுமையுற்றனர். பலர் அவ்விடத்தை விட்டு அகன்றனர். சுகார்த்தோ 1998-இல் பதவி விலகினார். 1999-இல் திட்டம் முறைப்படி முடிவுக்கு வந்தது. ஆனால் வெட்டப்பட்ட கால்வாய்கள் நீரை வடித்துக்கொண்டே இருந்தன.

இதற்கிடையில் 1997-இல் எல் நினோவால் கடும் வறட்சி ஏற்பட்டு, உலர்ந்த நிலம் பற்றி எரிந்தது. புகைமூட்டம் மலேசியா, சிங்கப்பூர் நாடுகளையும் சூழ்ந்தது. அவ்வாண்டு இந்தோனேசியத் தீயினால் வெளியான கரிமம் 81 கோடி டன் முதல் 257 கோடி டன் வரை இருக்கலாம் என அறிவியலார் கணக்கிட்டனர். நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றை எரிப்பதால் உலகம் முழுவதும் ஓராண்டில் வெளியாகும் சராசரி அளவில் இது 13 முதல் 40 விழுக்காட்டிற்கு இணையாகும்.

தீயும் தடையும்

2015-இல் மீண்டும் எல் நினோ வந்தது. சில மாதங்களில் இந்தோனேசியாவில் ஏறத்தாழ 26 இலட்சம் எக்டேர் நிலம் எரிந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, மக்கள் மூச்சுத் திணறலுக்கு உள்ளாயினர். இழப்பின் மதிப்பு 1,600 கோடி அமெரிக்க டாலர் என உலக வங்கி மதிப்பிட்டது.

அரசு விரைந்து செயற்பட்டது. தீயிட்டு நிலம் திருத்துவதற்கு எதிரான தடை கடுமையாக்கப்பட்டது. 2009-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டமோ, மரபு வழியில் பயிர் செய்யும் ஒரு குடும்பம் இரண்டு எக்டேர் வரை, தீ பரவாத வகையில் தடுப்பு அமைத்து, உள்ளூர்ப் பயிர் வகைகளை விதைப்பதற்காகத் தீயிட இடமளித்திருந்தது. நடைமுறையில் அவ்விலக்கு மங்கியது. சிற்றுழவர் பலர் தண்டனைக்கு அஞ்சி விதைப்பதையே நிறுத்தினர். சிலர் வழக்குகளையும் எதிர்கொண்டனர். பெரிய நிறுவனம் எந்திரங்களைக் கொண்டு நிலத்தைத் திருத்திக்கொள்ளலாம்; அவ்வசதி சிற்றுழவருக்கு இல்லை. தடை இருவருக்கும் பொது. அதன் சுமையோ இருவருக்கும் ஒன்றாக அமையவில்லை.

இதனால் தடையே தவறு என்று கருதுதல் பொருந்தாது. வறண்ட ஆண்டில் ஒருவர் இடும் சிறு தீ, உலர்ந்த சதுப்பில் ஊரையே சூழும் புகையாக மாறக்கூடும். ஆயினும், அச்சதுப்பை உலரச்செய்தவை உழவரின் சிறு வாய்க்கால்கள் மட்டுமல்ல. அரசும் நிறுவனங்களும் வெட்டிய பெருங்கால்வாய்களே பெருங்காரணம். பிறர் வடித்த நீரின் விளைவை, வருவாய் குறைந்த உழவர் தம் விளைச்சலை இழந்து ஈடுசெய்ய நேர்ந்தது.

நீரை நிறுத்தும் தடுப்பணைகள்

2016 சனவரியில் கரிச்சதுப்பு நில மீட்பு முகமை அமைக்கப்பட்டது. ஏழு மாநிலங்களில் ஏறத்தாழ 20 இலட்சம் எக்டேர் நிலத்தை மீட்பது அதன் இலக்கு. நிலத்தை மீண்டும் நனைத்தல், மரஞ்செடிகளை மீண்டும் வளர்த்தல், மக்களின் வாழ்வாதாரத்தை மேம்படுத்தல் ஆகிய மூன்றும் அதன் வழிமுறைகள். பயிரிடும் கரிச்சதுப்பிலும் நிலத்தடி நீர்மட்டம் தரைக்குக் கீழே 40 சென்டிமீட்டருக்கு மேல் தாழக்கூடாது என்று அரசு விதி வகுத்தது.

நிலத்தை நனைக்கக் கால்வாய்களின் குறுக்கே தடுப்பணைகள் கட்டப்பட்டன. அங்கே புதிய சிக்கல் தோன்றியது. கால்வாய் உழவருக்கு நீர்வழிச் சாலையும் ஆகும். விளைபொருளையும் விறகையும் மீனையும் அவர்கள் படகிலேயே கொண்டுசெல்கின்றனர். அணை எழுந்தால் படகு செல்லாது. கலந்து பேசாமல் கட்டப்பட்ட அணைகள் சில இடங்களில் உடைக்கப்பட்டன. இதனையுணர்ந்தபின், படகு செல்லுமளவு நடுவே திறப்பு விட்டுக் கட்டும் முறை பல இடங்களில் கையாளப்பட்டது. நீர்மட்டம் சற்றே குறைந்தாலும் அணை நிலைத்தது. ஏட்டளவில் சிறந்த அணையைக் காட்டிலும் ஊர்மக்கள் உடைக்காத அணையே நிலத்தைக் காக்கும்.

உழவரின் உரிமைக்கும் ஓர் எல்லை உண்டு. கரிச்சதுப்பு, பெரும்பாலும் இரண்டு ஆறுகளுக்கிடையே மேடாக உயர்ந்து, நீரை உறிஞ்சி வைத்திருக்கும். அதன் ஓரிடத்தில் கால்வாய் வெட்டினால் தொலைவிலுள்ள நிலமும் உலரும். வேலி நிலத்தைப் பிரிக்கும், நீரைப் பிரிக்காது. ஆகவே, தத்தம் நிலத்தில் தத்தம் விருப்பப்படி நீரை வடிக்கும் உரிமை, அயலாரின் உரிமையைக் கெடுப்பதாக முடியும். முழுச் சதுப்பையும் ஒன்றாகக் கருதி, அனைவரும் கூடி முடிவெடுப்பதே தக்க வழியாகும்.

நீரில் விளையும் பயிர்கள்

நீரை வடிக்காமலேயே வருவாய் தரும் பயிர்களும் உண்டு. அவற்றுள் முதன்மையானது சேகோப் பனை. தமிழ்நாட்டின் சேலம் பகுதியில் சவ்வரிசி மரவள்ளிக்கிழங்கின் மாவிலிருந்து செய்யப்படுகிறது. தென்கிழக்கு ஆசியாவிலோ சேகோப் பனையின் அடிமரத்திலிருந்து எடுக்கும் மாவே தொன்றுதொட்டுச் சவ்வரிசிக்கு மூலப்பொருள். இப்பனை ஈரமான சதுப்பில் வளரும். முதிர்ந்து மாவு தரப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகலாம். ஆனால் ஒருமுறை நட்டால் பக்கக் கன்றுகள் தாமே தோன்றித் தொடர்ந்து பயன் தரும்.

சுமத்திராவின் இரியாவு மாநிலத்தைச் சேர்ந்த சுங்கை தோகோர் என்னும் சிற்றூர் சேகோவை நம்பி வாழ்வது. அருகில் தோட்டம் அமைக்க நிறுவனத்தினர் வெட்டிய கால்வாய்களால் சதுப்பு உலர்ந்து, 2014-இல் தீப்பற்றியது. ஊரார் முறையிட்டனர். அவ்வாண்டு நவம்பரில் குடியரசுத் தலைவர் ஜோக்கோ விடோடோ அங்குச் சென்று, சேகோ மரத்துண்டுகளால் கால்வாயை அடைக்கும் பணியில் தாமும் பங்கேற்றார். பின்னர் அப்பகுதிச் சிற்றூர்களுக்குக் கிராமக் காட்டு உரிமை வழங்கப்பட்டது. நீர் உயர்வது அவ்வுழவருக்கு இழப்பன்று, வருவாய். ஆகவே நீரைக் காக்குமாறு அவர்களுக்கு எவரும் ஆணையிட வேண்டியதில்லை.

கோரையை ஒத்த ‘புருன்’ என்னும் தாவரத்தைக் கொண்டு பெண்கள் பாயும் கூடையும் முடைகின்றனர். வெள்ளம் வடியும்போது மீன்கள் தங்குமாறு தாயாக் மக்கள் அமைக்கும் ‘பெஜே’ என்னும் குளங்கள், வறட்சியில் தீயணைக்க நீரும் தருகின்றன. எனினும் இவையெல்லாம் எளிய தீர்வுகள் அல்ல. எண்ணெய்ப்பனைக்கு உள்ள சந்தை இப்பொருள்களுக்கு இல்லை. சேகோ முதிரும்வரை குடும்பம் காத்திருக்க இயலாது. சந்தையும் இடைக்கால உதவியும் இல்லையெனில் இப்பயிர்கள் அறிவுரையாக மட்டுமே நின்றுவிடும்.

உரிமையும் பொறுப்பும்

இச்சிக்கல் இந்தோனேசியாவிற்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்கை மீட்புச் சட்டத்தை நிறைவேற்றியது. நீர் வடிக்கப்பட்ட வேளாண் கரிச்சதுப்புகளில் 30 விழுக்காட்டை 2030-க்குள்ளும், 50 விழுக்காட்டை 2050-க்குள்ளும் மீட்கும் பணிகளை மேற்கொள்ள வேண்டும். அவற்றில் ஒரு பகுதியை மீண்டும் நனைக்க வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. அதே வேளையில், நிலத்தை நனைக்கும் கடமை உறுப்பு நாடுகளுக்கே உரியது. உழவரும் நில உரிமையாளரும் தம் விருப்பத்தின்படியே இதில் சேரலாம் என்றும் தெளிவுபடுத்துகிறது. உழவரை இணங்கச் செய்யும் பொறுப்பு இவ்வாறு அரசுகளின் மேல் வைக்கப்பட்டுள்ளது.

கலிமந்தானிலோ வினா இன்னும் முடியவில்லை. 2020-இல் இந்தோனேசிய அரசு புதிய உணவு உற்பத்தித் திட்டத்தை அறிவித்தபோது, பழைய நெல் திட்டப் பகுதியின் ஒரு பாகத்தையும் அதற்குத் தேர்ந்தெடுத்தது.

கரிச்சதுப்பில் நீர் நிற்பதால் பயன்பெறுவது உலகம் முழுவதும். நீர் நிற்பதால் நெல்வயலை இழப்பது ஆற்றங்கரையில் வாழும் ஒரு குடும்பம். பயன் பொதுவாகவும் இழப்பு தனியாகவும் இருக்கும்வரை, எந்தச் சட்டமும் அந்நிலத்தில் நெடுநாள் நிலைக்காது. இழப்பையும் பொதுவில் பகிர்ந்துகொள்ளும்போதே உழவர் அந்நிலத்தின் காவலராவர்.

சிந்தித்து விடையளிக்க

1. கரிச்சதுப்பு நிலத்தில் நீரை வடித்துச் செய்யும் வேளாண்மை ஏன் நெடுங்காலம் நிலைப்பதில்லை?
2. தீயிடுவதற்கான தடையின் சுமை சிற்றுழவருக்கும் பெரிய நிறுவனத்திற்கும் வேறுபட்டது எவ்வாறு?
3. ‘வேலி நிலத்தைப் பிரிக்கும், நீரைப் பிரிக்காது’ – இத்தொடரின் பொருளை விளக்குக.
4. ஓர் ஊரின் கால்வாயில் தடுப்பணை கட்டும் முன் அவ்வூர் மக்களிடம் கேட்டறிய வேண்டிய செய்திகள் நான்கினை எழுதுக.