மரம் நடுதலும் காடு மீட்டலும்

முன்னுரை

ஆண்டுதோறும் ஜூலைத் திங்களில் நம் சபை வளாகங்களிலும் பள்ளிகளிலும் மரம் நடு விழா நடைபெறுகிறது. 1950ஆம் ஆண்டு, அன்றைய மத்திய உணவு, வேளாண்மை அமைச்சராயிருந்த கே. எம். முன்ஷி தொடங்கிவைத்த வன மகோற்சவத்தின் வழிவந்த வழக்கம் இது. குழி வெட்டப்படுகிறது, ஜெபம் ஏறெடுக்கப்படுகிறது, நிழற்படமும் எடுக்கப்படுகிறது. மறு ஆண்டு அதே குழியில் வேறொரு கன்று நடப்படுவதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். முந்திய கன்று எங்கே என்று கேட்டவர்கள் மிகச் சிலரே.

மரம் நடுதல் வேறு. காடு மீட்டல் வேறு. முன்னது ஒரு நாளில் முடிவது. பின்னது ஒரு தலைமுறையின் உழைப்பை வேண்டுவது. இவ்வேறுபாட்டைப் பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணி நகரையும், அதனைச் சூழ்ந்த மலைகளையும் முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தறியும் மலையும்

ஆரணியின் தறிகளுக்கும் காட்டுக்கும் என்ன தொடர்பு என்று வினவலாம். கச்சாப் பட்டு நூலின்மேல் இயற்கையாகவே ஒரு பசை படிந்துள்ளது. சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் நூலை வேகவைத்து அப்பசையை நீக்கினாலன்றிப் பட்டுக்கு மென்மையும் பளபளப்பும் வாரா. நூலின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இவ்விதம் கழிந்துபோகிறது. அதன்பின் சாயமேற்றுதல், மீண்டும் மீண்டும் அலசுதல் ஆகியன நிகழ்கின்றன. இவை யாவற்றுக்கும் நல்ல நீர் வேண்டும். உலை எரிய விறகும் வேண்டியிருந்தது. அன்றியும், வறண்ட காற்றில் இழை எளிதில் அறும். ஆகவேதான் நெசவாளர் விடியற்காலையின் குளிர்ச்சியிலேயே பாவு நீட்டுவர். நெசவு ஊர்கள் பலவற்றில் பாவடி என்னும் பொது இடம் மர நிழலோடு அமைந்திருந்ததன் காரணமும் இதுவே.

ஆரணியின் நீர் எங்கிருந்து வருகிறது? நகரையொட்டிச் செல்லும் கமண்டல நாகநதி மேற்கேயுள்ள சவ்வாது மலையில் பிறந்து செய்யாற்றில் கலக்கிறது; செய்யாறு பாலாற்றோடு சேர்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் இவ்வாறு மணற்படுகையாகவே காணப்படுகிறது. மலைச்சரிவில் காடு இருக்குமிடத்து, பெய்யும் மழையை முதலில் இலைகள் தாங்குகின்றன. பின்னர் சருகு உறிஞ்சுகிறது. வேர்கள் திறந்த வழியே நீர் மண்ணுக்குள் இறங்கி, மழை நின்று பல வாரங்கள் கழிந்தும் ஊற்றாய்க் கசிகிறது. காடு இல்லாச் சரிவிலோ அதே மழை மேல்மண்ணையும் வாரிக்கொண்டு சில மணி நேரத்தில் ஓடிவிடுகிறது. ஆற்றில் ஒரு நாள் வெள்ளமும் ஓராண்டு வறட்சியும் மாறிமாறி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே, தறியின் வாழ்வு மலையின் வாழ்வோடு பிணைந்துள்ளது.

2. காடு அழிந்த வரலாறு

பழைய வட ஆர்க்காட்டுப் பகுதிக்கு இருப்புப்பாதை 1856ஆம் ஆண்டு வந்தது. இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை அமைந்த அப்பாதையே தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் பாதையாகும். அது பின்னர் சோலையார்பேட்டை நோக்கி நீண்டபோது சவ்வாது மலையின் அடிவாரத்தைக் கடந்தது. தண்டவாளத்தின்கீழ் இடும் கட்டைகளும் எஞ்சினில் எரிக்கும் விறகும் காடுகளிலிருந்தே பெறப்பட்டன. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் ஒதுக்குக் காடுகளை வரையறுத்தது. காட்டை வெட்டிய ஆட்சியே காவலனாகவும் அமர்ந்தது. காட்டோடு வாழ்ந்த மக்களோ அத்துமீறுவோராக எண்ணப்பட்டனர். அவர்களின் உரிமையை ஏற்கும் சட்டம் 2006ஆம் ஆண்டில்தான் நிறைவேறியது.

மலையில் பிழைப்புக் குறைந்தவர் தொலைவில் பிழைப்பைத் தேடுவர். 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், ஆந்திர மாநிலத்துச் சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்டச் சென்றவர்கள் என்று கூறப்பட்ட தமிழகத்தார் 20 பேர் காவல் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் பலர் திருவண்ணாமலை மாவட்டத்தினர். சவ்வாது மலைவாழ் மக்களும் அவர்களிடையே இருந்தனர். காட்டைப் பற்றிப் பேசும்போது இம்மரணங்களை மறந்துவிட்டு மரங்களை மட்டும் எண்ணுவது நமக்குத் தகாது. மலைவாழ் மக்களுக்குப் பிழைப்புத் தராத காடு வளர்ப்பு எதுவும் நிலைத்து நிற்காது.

3. எந்த மரம்?

பசுமையானவை யாவும் காடல்ல. விரைவாக வளரும் என்பதற்காகத் தைல மரம் பெருமளவில் நடப்பட்டது. விறகுக்கென்று பரப்பப்பட்ட சீமைக் கருவேலம் ஏரிகளையும் ஆற்றுப்படுகைகளையும் மூடிக்கொண்டது. அயல் தாவரங்களை அகற்றி இயற்கைச் சூழலை மீட்பதற்கான கொள்கையொன்றைத் தமிழக அரசு 2022இல் வெளியிட்டது. அதே ஆண்டில் தொடங்கப்பட்ட பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்துவதை இலக்காகக் கொண்டது. விழுக்காடு உயர்வது நன்றே. ஆயினும் எந்த மரத்தால் உயர்கிறது என்பதையும் நாம் கேட்க வேண்டும்.

சவ்வாது மலைக்கு உரியவை வேங்கை, வெக்காலி, கடுக்காய், தான்றி, நெல்லி, சந்தனம் போன்றவை. கடலோரச் சமவெளியின் இயற்கைக் காடோ வறண்ட நிலத்திலும் பசுமை மாறாத வகையைச் சேர்ந்தது. பாலை, வீரை, காயா, நாவல், கருங்காலி ஆகியன அதன் மரங்கள். அக்காடு இன்று பெரும்பாலும் கோயில் காடுகளாகவே எஞ்சி நிற்கிறது. புதுச்சேரிக்கு வடக்கேயுள்ள புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு இதற்கு நல்ல சான்று. 1968இல் நிறுவப்பட்ட ஆரோவில் குடியிருப்பினர், அரிப்புண்ட செம்மண் மேட்டில் முதலில் விரைந்து வளரும் அயல் மரங்களையும் நட்டனர். நிழலும் மண்ணும் உண்டான பின்னர், இத்தகைய பழங்காடுகளின் விதைகளைத் திரட்டி உரிய மரங்களை வளர்க்கத் தலைப்பட்டனர். எஞ்சியுள்ள ஒரு சிறு தோப்பு, இழந்த காட்டுக்கெல்லாம் விதைக் களஞ்சியமாக விளங்க முடியும் என்பது இதனால் தெளிவாகிறது.

4. அண்ணாமலை கற்பிப்பது

ஆரணிக்குத் தெற்கே, அதே மாவட்டத்தின் தலைநகரில், திருவண்ணாமலை நிற்கிறது. அது வேறு சமயத்தாரின் புனித மலை. எனினும் அங்கு நடந்த பணியிலிருந்து கற்றுக்கொள்ள நாம் தயங்கலாகாது. 1980களில் அம்மலை பெரும்பாலும் மொட்டையாக இருந்தது. விறகுவெட்டும் மேய்ச்சலும் ஒருபுறம். கோடைதோறும் எலுமிச்சைப்புல்லைப் பற்றிக்கொண்டு சரிவெங்கும் பரவும் தீ மறுபுறம். அப்பதிற்றாண்டின் இறுதியில் அண்ணாமலை மறுகாடாக்கச் சங்கம் தோன்றியது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த காடு காக்கும் பணியாளர் ஜான் சீட் அதற்கு நிதி திரட்டி உதவினார். பின்னர் ஃபாரஸ்ட் வே என்னும் அறக்கட்டளை, வனத்துறையோடும் உள்ளூர்த் தொழிலாளரோடும் சேர்ந்து இப்பணியைத் தொடர்ந்தது.

அவர்கள் பின்பற்றிய முறை நம் கவனத்துக்குரியது. சுற்றுப்புறக் காடுகளிலுள்ள தாய் மரங்களிலிருந்து விதை திரட்டப்படுகிறது. நாற்றங்காலில் கன்றுகள் போதிய அளவு வளர்க்கப்படுகின்றன. வடகிழக்குப் பருவமழையில் நிலம் நனைந்த பின்னரே நடவு நடைபெறுகிறது. மழை நின்றபின் மற்றொரு பணி தொடங்குகிறது: தீத்தடுப்புக் கோடு வெட்டுதல். சரிவின் குறுக்கே அகன்ற பட்டையாகப் புல்லை வெட்டி அகற்றிவிட்டால், வரும் தீ அவ்விடத்தில் எரிபொருளின்றி அடங்கும். கோடையில் தீ எழுந்தால், இரவானாலும் பசுந்தழைகளோடு மலையேறி அதனை அடிக்கின்றனர். ஆண்டு முழுதும் நடைபெறும் இப்பணியில் நடவு ஒரு சிறு பகுதியே.

இங்கே வேறொரு உண்மையும் புலப்படுகிறது. மொட்டையாகத் தோன்றும் சரிவிலும் பழைய மரங்களின் வேர்களும் அடிக்கட்டைகளும் மண்ணுக்குள் உயிரோடிருப்பதுண்டு. சில ஆண்டுகள் தீயும் மேய்ச்சலும் விலக்கப்பட்டால், எவரும் நடாமலே அவை துளிர்க்கின்றன. ஆதலால் காடு மீட்பின் முதற்படி நடுதலன்று, காத்தலே.

2024 டிசம்பர் 1ஆம் நாள், ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் அம்மலைச் சரிவில் மண் சரிந்து, ஐந்து பிள்ளைகள் உட்பட எழுவர் மாண்டனர். மரங்கள் இருந்திருந்தால் அது நேர்ந்திராது என்று கூறுவது பொறுப்பற்ற பேச்சாகும். அத்தகைய மழையில் காடுள்ள சரிவும் சரிவதுண்டு. ஆயினும், மலைச்சரிவில் வீடு கட்டுவோர் வேறிடம் வாங்க வகையற்ற எளியவர் என்பதையும், மலைக்கு நேரும் கேடு முதலில் அவர்கள்மேலேயே விழுகிறது என்பதையும் அந்நாள் நமக்கு உணர்த்தியது.

5. பிற நாடுகளின் அனுபவம்

கென்யாவில் 1977ஆம் ஆண்டு வங்காரி மாத்தாய் தொடங்கிய பசுமை வளைய இயக்கம், கிராமப் பெண்களுக்கு ஒரு சிறு தொகை வழங்கியது. நட்ட கன்றுக்கன்று, பிழைத்த கன்றுக்கே அத்தொகை தரப்பட்டது. இச்சிறு விதி முழுப் பணியின் நோக்கையும் மாற்றியது. 2004இல் அம்மையாருக்கு நோபல் அமைதிப் பரிசு வழங்கப்பெற்றது. சிம்பாப்வேயின் மஸ்விங்கோ பகுதியில் 1991இல் ஆப்பிரிக்கத் தன்னாட்சிச் சபைகள் ஒன்றுகூடி மண்காப்புச் சங்கம் கண்டன. அங்கே மரம் நடுதல் திருவிருந்து ஆராதனையோடு இணைக்கப்பட்டது. மரத்தை வெட்டியதும் ஓடைக்கரையை உழுததும் சபையார் முன்னிலையில் பாவ அறிக்கையில் இடம்பெற்றன. விழாவை அவர்கள் விலக்கவில்லை. அதனைக் கணக்கொப்புவிக்கும் இடமாக்கினர்.

6. நாம் செய்யத்தக்கவை

முதலாவது, நடும் காலத்தை மாற்றலாம். ஜூலையில் நட்ட கன்று, ஒழுங்காக நீர் ஊற்றுவார் இல்லையெனில், பெருமழை வருமுன் வாடிவிடக்கூடும். மழைக்காலத்தையொட்டி அறுப்பின் பண்டிகை ஆசரிக்கும் சபைகள் நடவை அதனோடு இணைக்கலாம்.

இரண்டாவது, எண்ணிக்கையைக் குறைக்கலாம். நூறு கன்று நட்டு மறப்பதினும், பத்துக் கன்று நட்டு மூன்று கோடைகள் காப்பது மேல். ஆண்டறிக்கையில் நட்டவற்றின் எண்ணிக்கையோடு உயிரோடிருப்பவற்றின் எண்ணிக்கையும் இடம்பெறட்டும்.

மூன்றாவது, பழைய மிஷன் வளாகங்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் எஞ்சியுள்ள நாட்டு மரங்களைக் கட்டடத்துக்காக வெட்டுமுன் ஒருமுறைக்கு இருமுறை சிந்திக்க வேண்டும். அவை தாய் மரங்கள். அவற்றின் விதைகளால் நாற்றங்கால் அமைக்கலாம்.

நான்காவது, மலையில் வாழ்வோரைப் பயனாளிகளாக அன்றி ஆசிரியர்களாகக் கொள்ள வேண்டும். எந்த மரம் எங்கே நின்றது, எப்போது காய்க்கும் என்பதை அறிந்தவர்கள் அவர்களே. அவர்களது உழைப்புக்கு உரிய கூலியும், விளைபொருளில் உரிய பங்கும் கிடைக்க வேண்டும்.

முடிவுரை

பட்டுச் சேலையில் நம் கண்ணைக் கவர்வது ஊடையிலும் சரிகையிலும் விரியும் வண்ணம். பாவோ சேலை முழுதும் நீண்டு ஓடுகிறது. அதனைப் பாராட்டுவார் இல்லை. அது அறுந்தால் தறி நின்றுவிடும். காடு மீட்டலில் நடுதல் வண்ணமென்றால் காத்தல் பாவாகும். அடுத்த ஜூலைத் திங்களில் நம் சபையார் மீண்டும் குழி வெட்டக் கூடும்போது, முதலில் சென்ற ஆண்டு நட்ட கன்றண்டை அவர்களை அழைத்துச் செல்வோமாக. அது நின்றால் நீர் ஊற்றுவோம். நில்லாவிடில், அது பட்டதன் காரணத்தைக் கேட்டறிந்த பின்னரே மண்வெட்டியை எடுப்போம்.