உயர்த்திய ஜீப், உதறும் ஸ்டீயரிங்

பெரும்போக மழை இறங்கிவிட்டால் வரிப்பத்தான்சேனையிலிருந்து வயல் வட்டைகளுக்குப் போகும் மண்பாதைகள் உழவு இயந்திரத்துக்குத்தான் வழிவிடும். காரைதீவு – அம்பாறை வீதியில் மாவடிப்பள்ளித் தாம்போதியை வெள்ளம் மேவுவதும் இந்தப் பக்கத்தில் புதினமில்லை. ஜீப் வைத்திருப்பவருக்கு, இரண்டு அங்குலம் உயர்த்திவிட்டால் என்ன என்ற யோசனை வராமல் இருக்குமா? நீளமான ஸ்பிரிங், புது ஷொக், ஒரு சைஸ் பெரிய டயர். வேலை முடிந்ததும் சேற்றில் வண்டி ராசாவாகப் போகும்.

சங்கதி வெளிவருவது காபட் வீதியில். கல்முனைப் பக்கம் மணிக்கு எழுபதில் போகும்போது முன் டயர் ஒன்று மதகு விளிம்பில் இடிக்கும். அவ்வளவுதான். ஸ்டீயரிங் கையைப் பிய்த்துக்கொண்டு இடமும் வலமும் உதறும். முன்பக்கம் முழுவதும் குலுங்கும். வண்டி கிட்டத்தட்ட நிற்கும் வரை அது அடங்காது. ஒப்ரோட் பிரியர்கள் இதற்கு 'டெத் வொபிள்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

நோய் பழையது. 1920களில் காற்றழுத்தம் குறைந்த பருத்த டயர்களும் முன்சக்கர பிரேக்கும் கார்களுக்கு வந்தபோதே இந்த உதறலும் பரவியது. பிரான்சிலும் அமெரிக்காவிலும் பொறியியலாளர்கள் அதன் பின்னால் அலைந்தார்கள். ரோல்ஸ் ரொய்ஸிலிருந்து ஜெனரல் மோட்டர்ஸுக்குப் போன மொரிஸ் ஒல்லி போன்றவர்கள் முன்சக்கரங்கள் இரண்டையும் தனித்தனியாகத் தொங்கவிடும் முறைக்காக வாதாடினார்கள். 1934 மொடல் கார்களில் அந்த முறை வந்தது. சொகுசு ஒரு காரணம். உதறலிலிருந்து தப்புவது இன்னொரு காரணம்.

இரண்டு சக்கரமும் ஒரே அக்ஸிலில் பூட்டப்பட்டிருந்தால் என்ன நடக்கும்? ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் அக்ஸில் சாயும், மற்றச் சக்கரமும் கூடவே சாயும். வேகமாகச் சுழலும் சக்கரத்தைச் சாய்த்தால் அது சும்மா சாயாது, பக்கவாட்டில் திரும்பவும் பார்க்கும். கழற்றிய சைக்கிள் சில்லின் அச்சை இரு கையாலும் பிடித்துச் சுழலவிட்டுச் சாய்த்துப் பார்த்தவர்களுக்கு அந்த இழுப்பு தெரியும். சக்கரம் திரும்பினால் டயர் பக்கவாட்டில் தள்ளும். அந்தத் தள்ளல் அக்ஸிலை மறுபடி சாய்க்கும். வண்டி முன்னோக்கி ஓடும் சக்தியையே தீனியாக எடுத்துக்கொண்டு ஆட்டம் வளரும். ஆகவேதான் அதைத் தொடக்கிய மேட்டைத் தாண்டிய பிறகும் அது நிற்பதில்லை. பழைய டிஃபென்டர், ஜிம்னி, ரேங்லர், எழுபது சீரிஸ் லேண்ட் குரூஸர் எல்லாம் முன்னாலும் ஒற்றை அக்ஸில் வைத்த வண்டிகள். சேற்றுக்கு அதுதான் தோது.

அப்படியானால் உயர்த்துவதுதான் குற்றமா? பாதிதான். ஜிம்னியிலும் பழைய டிஃபென்டரிலும் முன் அக்ஸிலைப் பிடித்திருக்கும் நீளக்கைகள் பின்னால் சட்டத்தில் பூட்டியிருக்கும். கையின் நீளம் 80 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 5 செ.மீ. உயர்த்தும்போது அக்ஸில் ஏறத்தாழ 3.5 பாகை உருண்டுவிடும். சக்கரத்தைத் தானாக நேராக்குவது காஸ்டர் எனப்படும் சாய்வு. கம்பனி கொடுப்பதே சில பாகைதான். அதில் பெரும்பகுதி போய்விடும். காஸ்டர் குறைந்த வண்டி வீதியில் அலையும், வளைவிலிருந்து ஸ்டீயரிங் திரும்பி வராது. ஆனால் அது மட்டும் பேயாட்டத்தைக் கிளப்புவது அரிது. அளவுக்கு மிஞ்சிய காஸ்டரும் உதறலைக் கூட்டக்கூடியது.

பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும் கள்ளன் பன்ஹாட் ரொட். அக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடித்திருக்கும் குறுக்குக் கம்பி அது. வண்டி உயர்ந்தால் கம்பி இன்னும் சரிவாகிறது, அக்ஸில் ஒரு பக்கம் ஒதுங்குகிறது, நுனியிலுள்ள ரப்பர் புஷ் முறுகுகிறது. சக்கரம் தொங்கும் நிலையிலேயே போல்ட்டை இறுக்கிவிட்டால் ரப்பர் எப்போதும் முறுகியபடியே கிடந்து கிழியும். வண்டியின் பாரம் நிலத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கு. இந்தச் சின்ன விஷயத்தைத் தவறவிடும் கராஜ்கள் குறைவில்லை.

கண்டுபிடிக்க இரண்டு பேர் போதும். ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, நான்கு டயரும் நிலத்தில் இருக்க, ஒருவர் எஞ்சினை ஓடவிட்டு ஸ்டீயரிங்கை இடம் வலமாகச் சிறிதாக, விரைவாக ஆட்ட வேண்டும். மற்றவர் கீழே படுத்து, பன்ஹாட் ரொட் நுனியும் அது பூட்டியிருக்கும் தகடும் சேருமிடத்தில் விரலை வைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். போல்ட் ஓட்டை முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தால் எத்தனை புது புஷ் போட்டும் பயனில்லை. பிறகு டை ரொட் எண்டுகள், ஸ்டீயரிங் பொக்ஸ் போல்ட்டுகள். கடைசியில் ஜாக்கில் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து அசைக்க வேண்டும். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லலாம்: மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் பெயரிங், மறையாவிட்டால் கிங் பின் அல்லது போல் ஜொயின்ட்.

இத்தனைக்கும் முன்னால் டயர். 235/75R15 டயரின் சுற்றளவு சுமார் 2.3 மீற்றர், மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் அது விநாடிக்கு எட்டு, ஒன்பது தடவை சுழலும். பலன்ஸ் இல்லாத டயர் அத்தனை தடவையும் அக்ஸிலைத் தட்டும். முன் டயரைப் பின்னுக்கு மாற்றிப் பார்ப்பது செலவில்லாத சோதனை.

பலர் நேரே ஓடுவது ஸ்டீயரிங் டேம்பர் வாங்கத்தான். டேம்பர் ஆட்டத்தை விழுங்கும். தேய்ந்த மூட்டைத் தேடிக் கொடுக்காது. 2018இல் வந்த புதிய ஜீப் ரேங்லர், உயர்த்தாமலே, இந்த உதறலால் அமெரிக்காவில் வழக்குக்குப் போனது. கம்பனி 2019இல் டேம்பரை இலவசமாக மாற்றிக் கொடுத்தது. அது வெறும் ஒட்டுப்போடும் வேலை என்று வழக்குத் தொடுத்தவர்கள் சண்டை பிடித்தார்கள்.

இலங்கையில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் பழைய ஜீப்புகளே உழைத்தன. ரப்பர்களும் கூடவே கிழடு தட்டின. அப்படிப்பட்ட வண்டியில் புது ஸ்பிரிங்கை மட்டும் ஏற்றுவது, மறைந்திருந்த தேய்மானத்தை வெளியே இழுத்துவிடும்.

ஆகவே பேரம் பேசும்போதே காஸ்டரைச் சரிக்கட்டும் புஷ்ஷையும் நீளம் மாற்றக்கூடிய பன்ஹாட் ரொட்டையும் ஸ்பிரிங்கோடு சேர்த்தே விலை கேட்பது நல்லது. அலைன்மென்ட் கடையில் டோவை, அதாவது சக்கரங்கள் உள்ளே வெளியே திரும்பி நிற்கும் கோணத்தை, மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். உயர்த்தமுதல் ஒன்று, உயர்த்தியபின் ஒன்று என்று காஸ்டர் அளவும் அச்சிட்ட தாள் இரண்டைக் கேட்டு வாங்கி வைத்தால், அடுத்த மெக்கானிக் ஊகத்தில் கை வைக்கத் தேவையில்லை.