பெஞ்ச் வாங்கிக் கொடுத்தால் போதுமா?

பழனியிலும் கொடைக்கானலிலும் கடை வைத்திருக்கும் நம் சகோதரர்களிடம் அரசுப் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர்கள் உதவி கேட்டு வருவது வழக்கம்தான். கீழே பழனியில் என்றால் மின்விசிறி கேட்பார்கள். மேலே அதற்கு வேலை இல்லை. ஒழுகாத கூரை, பிள்ளைகள் சில்லிட்ட தரையில் உட்காராமல் இருக்க பெஞ்ச், கழிப்பறைக்குத் தண்ணீர்த் தொட்டி என்று கேட்பார்கள். நம்மவர்கள் கைவிரிப்பதில்லை. பெயர்கூடப் போட வேண்டாம் என்று சொல்லிக் கொடுப்பவர்களும் உண்டு. ஆனால் அதே கூரைக்காக மறுபடியும் யாராவது வந்து நிற்கிறார்கள்.

இப்படி ஒரு கொடை, ஊரோடு நின்றுவிடாமல் அரசின் கடமையாகவே மாறிய வரலாறு நம் மாநிலத்தில் இருக்கிறது. காமராஜர் முதலமைச்சராக இருந்த 1956-ல் எட்டயபுரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தொடங்கியது. முதலில் அது ஊர்மக்களின் நன்கொடையில்தான் நடந்தது. பிறகு அரசு மானியம் வந்தது. அன்றைய பொதுக் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு, 1958 முதல் ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். உள்ளூர்ச் செல்வந்தரும் ஆசிரியரும் அதிகாரியும் ஒரே பந்தலில் உட்கார்ந்து, எந்தப் பள்ளிக்கு என்ன குறை என்று பேசினார்கள். நிலமும் கட்டடமும் மேசையும் சீருடையும் வந்து சேர்ந்தன. மதிய உணவு 1982-ல் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022-ல் காலை உணவும் சேர்ந்தது. இன்று அந்தச் சோற்றுக்காக எந்தத் தலைமையாசிரியரும் கடை கடையாக ஏறி இறங்குவதில்லை.

எட்டயபுரத்தில் உலை வைத்த அதே 1956-ல்தான், கொடைக்கானல் மலைக்குத் தெற்கே உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி எழுந்தது. அள்ளிக் கொடுப்பது நம் சமுதாயத்துக்குப் புதிதல்ல. கேட்க வேண்டிய இடத்தில் கேட்பதுதான் நமக்குப் பழகவில்லை.

இப்போது அதற்கு வழிகள் இருக்கின்றன. 2022 டிசம்பர் 19 அன்று தமிழக அரசு ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தைத் தொடங்கியது. தொழிலதிபர் வேணு சீனிவாசன் அதன் தலைவர். சதுரங்க வீரர் விஸ்வநாதன் ஆனந்த் அதன் தூதுவர். முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் தாம் விரும்பும் அரசுப் பள்ளிக்கு இதன் வழியாக உதவலாம். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி, பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். நம் மளிகைக் கடைக்கும் சிறிய லாட்ஜுக்கும் இது பொருந்தாது. ஆனால் நம் மலைக்குப் பொருள் அனுப்பும் பெரிய கம்பெனிகளின் விநியோகஸ்தர்கள் நம்மில் இருக்கிறார்கள். அவர்கள் கம்பெனியிடம் ஒரு வார்த்தை சொல்லலாமே.

இரண்டாவது வழிதான் முக்கியம். கல்வி உரிமைச் சட்டம், 2009 ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிப்பது இந்தக் குழுவின் பொறுப்பு. அரசு தரும் மானியத்துக்கு அந்தத் திட்டமே அடிப்படை என்கிறது சட்டம். கூரை ஒழுகுவதை நாம் கடையில் நின்று பேசினால் அது பேச்சோடு போய்விடும். குழுவில் தீர்மானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது கோரிக்கை. பதில் வராவிட்டால் நகலை வைத்துக்கொண்டு மறுபடியும் கேட்கலாம்.

நன்கொடை இருக்கிறதே என்று அரசுகளை விட்டுவிடவும் முடியாது. 2024-25-ல் சமக்ர சிக்ஷா திட்டத்தில் ஒன்றிய அரசு தர வேண்டிய 2,152 கோடி ரூபாய் வரவில்லை என்று தமிழக அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் போனது. எத்தனை கடைக்காரர்கள் சேர்ந்தாலும் அடைக்கக்கூடிய ஓட்டையா அது?

ஆகவே அடுத்த முறை தலைமையாசிரியர் வரும்போது, பெஞ்சுக்குப் பணம் கொடுங்கள். குழுவின் தீர்மானப் புத்தகத்தில் இந்தக் குறை ஏறியிருக்கிறதா என்றும் கேளுங்கள். பிள்ளை அங்கே படிக்கும் தாய்மார்கள் குழுவில் சேரத் தயங்க வேண்டாம். கூட்டம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகலில்தான் நடக்கிறது. ஜும்ஆ முடித்து, சாப்பிட்டுவிட்டு, ஆண்களும் தாராளமாகப் போய்ச் சேரலாம்.