ரந்தாவ் அபாங்கின் ஆமைகள் எங்கே போயின?

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் எங்கே போகலாம் என்ற பேச்சு வீட்டுக்கு வீடு எழும். எத்தனையோ இடங்கள் இருந்தும், பல குடும்பங்கள் ஏற்கெனவே போய் வந்த கடற்கரைக்கே மறுபடியும் போகின்றன. அப்பா சிறுவயதில் பார்த்த இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசைதான் அதற்குக் காரணம். ஆனால் அங்கே போய் நின்றதும், "அப்போது இருந்ததுபோல் இல்லையே!" என்ற பெருமூச்சுதான் முதலில் வருகிறது. உண்மையில் எது மாறியது? எப்போது மாறியது? திரெங்கானு மாநிலத்தின் ரந்தாவ் அபாங் கடற்கரையை வைத்து இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

டுங்குன் நகருக்கு வடக்கே, தென்சீனக் கடலைப் பார்த்தபடி நீண்டு கிடக்கிறது இந்தக் கடற்கரை. உலகில் உள்ள கடலாமைகளிலேயே மிகப் பெரியதான ஏழுவரி ஆமை முட்டையிட வந்த இடம் என்பதால் இது உலகப் புகழ் பெற்றது. முதுகில் ஓடு இருக்காது. தடித்த தோலும், அதன்மேல் ஏழு வரம்புகளும் இருக்கும். அந்த வரம்புகள் நட்சத்திரப் பழமாகிய பெலிம்பிங் பழத்தை நினைவூட்டுவதால் மலாய்க்காரர்கள் இதைப் 'பென்யு பெலிம்பிங்' என்கிறார்கள். 300, 400 கிலோ எடையுள்ள தாய் ஆமை இரவு நேரத்தில் மணலில் ஊர்ந்து ஏறி, பின்கால்களால் குழி பறித்து முட்டையிடும். அப்போது அதன் கண்களிலிருந்து நீர் வழியும். பிரசவ வலியில் அழுகிறது என்று அந்நாளில் பார்த்தவர்கள் பரிதாபப்பட்டார்கள். உடலில் சேரும் மிகையான உப்பை அது வெளியேற்றும் முறை அது என்பதே உண்மை.

1970களில் கோலாலம்பூரிலிருந்து ஒரு குடும்பம் அங்கே போனதாக வைத்துக்கொள்வோம். குவாந்தான் வழியாகக் கடலோரச் சாலையில் ஒரு முழு நாள் பயணம். மே முதல் செப்டம்பர் வரையிலான பருவத்தில் போனால், இரவு கடற்கரையில் காத்திருந்து ஆமையைப் பார்த்துவிடலாம். கையில் விளக்கு, புகைப்படக் கருவி, கூச்சல், கும்மாளம். ஆமையின் முதுகில் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. பெரிய தவறு என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. ஆமைகள்தான் ஏராளமாக வந்துகொண்டிருந்தனவே!

அங்கேதான் எல்லாரும் ஏமாந்தார்கள். 1950களில் திரெங்கானுக் கரையில் ஏழுவரி ஆமைகள் ஆண்டுக்கு ஏறக்குறைய 10,000 முறை முட்டையிட்டன. ஒரே ஆமை ஒரு பருவத்தில் ஐந்தாறு தடவை கரையேறும் என்பதால், இது ஆமைகளின் தலைக்கணக்கு அல்ல. ஆனாலும் அது பெரிய கூட்டம்தான். அந்த முட்டைகளோ கிட்டத்தட்ட முழுவதுமாகத் தோண்டியெடுக்கப்பட்டு விற்பனைக்குப் போயின. கரையைப் பகுதி பகுதியாகக் குத்தகைக்கு விடும் முறை சட்டப்படியே இருந்தது. பிங்பாங் பந்துபோல் வெண்மையாக, தோடு மெத்தென்று இருக்கும் அந்த முட்டைகள் கோலத் திரெங்கானுவின் பாயாங் சந்தையில் வெளிப்படையாகக் கிடைத்தன. மீன்வளத்துறை 1960களின் தொடக்கத்திலேயே பொரிப்பகம் அமைத்தது. ஆனால் அதற்குக் கிடைத்தது மொத்த முட்டையில் ஒரு சிறு பங்குதான்.

நீண்ட காலம் வாழும் விலங்கு கடலாமை. குஞ்சு ஒன்றுகூடப் பிறக்காவிட்டாலும், ஏற்கெனவே வளர்ந்த தாய் ஆமைகள் பல ஆண்டுகளுக்குத் தொடர்ந்து கரைக்கு வந்துகொண்டுதான் இருக்கும். பிள்ளைகளே பிறக்காத ஊரில் பெரியவர்கள் மட்டும் நடமாடுவதுபோல. வெளியூரிலிருந்து பார்க்க வருபவருக்கு ஊர் நிறைந்திருப்பதாகவே தெரியும். அந்தப் பெரியவர்கள் ஒவ்வொருவராக மறையும்போதுதான் வெறுமை தெரியவரும்.

1980களில் அதே குடும்பம் திரும்பி வருகிறது. அதற்குள் வழியில் கெர்த்தேயில் எண்ணெய், எரிவாயு ஆலைகள் எழுந்துவிட்டன. ரந்தாவ் அபாங்கில் வருகையாளர் மையமும், சற்றுத் தெற்கே தஞ்சோங் ஜாராவில் மலாய் மரமாளிகைகளின் பாணியில் கட்டிய தங்குவிடுதியும் வந்துவிட்டன. இவ்விரண்டுக்கும் சேர்த்து 1983ஆம் ஆண்டின் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. கட்டடம் சிறப்பாக அமைந்தது. ஆனால் அது யாருக்காகக் கட்டப்பட்டதோ அந்த விருந்தாளி மெல்ல மெல்ல வராமல் போய்க்கொண்டிருந்தது.

1988இல் ஏழுவரி ஆமையின் முட்டை விற்பனைக்கு மாநிலத்தில் தடை வந்தது. ரந்தாவ் அபாங் சரணாலயமாகவும் ஆனது. முட்டை மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. உணவு தேடி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீந்தும் இந்த ஆமைகள், ஆழ்கடலில் விரிக்கப்பட்ட மிதவை வலைகளில் சிக்கி மாண்டன. அத்தகைய பெரிய வலைகளை ஐக்கிய நாடுகள் சபையின் தீர்மானப்படி 1992 இறுதியில் நிறுத்தும்வரை அது தொடர்ந்தது. இழுவலைகளும் தம் பங்குக்குக் கொன்றன.

பொரிப்பகத்திலும் ஒரு சிக்கல் இருந்தது. கடலாமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது மணலின் சூடு. ஏறக்குறைய 29 பாகை செல்சியசைத் தாண்டினால் பெண் குஞ்சுகளே மிகுதியாகும். நிழலில்லாத பொரிப்பகத்தில் காத்த முட்டைகளிலிருந்து வந்தவை அனேகமாக எல்லாமே பெண்கள் என்று ஆய்வாளர்கள் பின்னர் கண்டறிந்தார்கள். காப்பாற்ற நினைத்துச் செய்த காரியத்திலேயே இணை கிடைக்காத ஒரு தலைமுறை உருவானது. இதில் யாரையும் குறைசொல்ல முடியாது. அந்த உண்மை தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது.

2000களில் முட்டையிட வந்த ஏழுவரி ஆமைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒன்றுகூட வராத ஆண்டுகளும் பின்னர் வந்தன. 2015இல் கிழக்குக்கரை விரைவுச்சாலை கோலத் திரெங்கானு வரை திறந்தபோது பயணம் எளிதானது. ஆனால் கடலோரச் சாலையில் வண்டியை நிறுத்தி, சுடச்சுட கெரோப்போக் லெக்கோர் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கடலைப் பார்த்து நிற்கும் பழக்கம் குறைந்துபோனது.

இன்று அந்தக் குடும்பத்தின் பேரப்பிள்ளை அங்கே போனால் என்ன சொல்லும்? "நல்ல கடற்கரை, கூட்டமே இல்லை" என்று மகிழ்ச்சியோடு சொல்லும். மீன்வள ஆய்வாளர் டேனியல் பாலி 1995இல் இதைத்தான் சுட்டிக்காட்டினார். ஒவ்வொரு தலைமுறையும் தான் முதன்முதலில் பார்த்ததையே இயல்பான நிலை என்று எடுத்துக்கொள்கிறது. தாத்தாவின் அளவுகோல் பேரனின் கையில் இல்லை. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகும் குடும்பங்களிடம் இருக்கும் பழைய படங்களும் நினைவுகளும் அதனால்தான் வெறும் பொழுதுபோக்குப் பேச்சாக முடிந்துவிடக் கூடாதவை. எந்த ஆண்டு, எந்த மாதம், எத்தனை ஆமைகள் என்று தாத்தா சொல்லும்போது யாராவது ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம்.

எல்லாக் கதையும் இப்படி முடியவில்லை, நேயர்களே. ரெடாங் தீவின் சாகார் ஹூத்தாங் கரையில் 1993 முதல் ஒரு பல்கலைக்கழகக் குழு முட்டைகளைத் தோண்டாமல், இட்ட இடத்திலேயே விட்டுக் காவல் காத்து வருகிறது. அங்கே பேராமைகள் தொடர்ந்து வருகின்றன. 2022 ஜூன் மாதத்தில் எல்லாவகைக் கடலாமை முட்டைகளின் விற்பனையையும் தடைசெய்யும் சட்டத்திருத்தம் திரெங்கானுவில் நடைமுறைக்கு வந்தது.

பேராமை முட்டையிடும் பருவத்தை எட்ட இருபது, முப்பது ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். 2022இல் கடலில் இறங்கிய ஒரு குஞ்சு பிழைத்திருந்தால், கரைக்குத் திரும்பும்போது 2040களோ 2050களோ ஆகியிருக்கும்.