பழனி மலை அடிவார இருப்புப்பாதைகளில் காலைநேரப் பயணத் தேவை

பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் செல்லும் இருப்புப்பாதைகளில், காலையில் எந்த நேரத்தில், எந்தத் திசையில் தொடர்வண்டி புறப்படுகிறது என்பதே அவற்றைப் பயன்படுத்தக்கூடியவர்கள் யார் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. நாளொன்றுக்கு ஓரிரு வண்டிகள் மட்டும் ஓடும் ஊரகப் பாதைகளில் இது மேலும் முதன்மை பெறுகிறது.

பாதைகள்

மலைத்தொடரின் மேல் அமைந்துள்ள கொடைக்கானலுக்கு இருப்புப்பாதை இல்லை. மலையைச் சுற்றி மூன்று பாதைகள் உள்ளன. கிழக்கே மதுரை–திண்டுக்கல் முதன்மைப் பாதை செல்கிறது. இதில் அம்மையநாயக்கனூரில் உள்ள நிலையமே "கொடைக்கானல் ரோடு" எனப் பெயர் பெற்றது. இது கொடைக்கானலில் இருந்து சாலை வழியாக ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவில் உள்ளது. வடக்கே திண்டுக்கல்லில் இருந்து ஒட்டன்சத்திரம், பழனி வழியாகப் பொள்ளாச்சிக்குப் பாதை செல்கிறது. தெற்கே மதுரையில் இருந்து உசிலம்பட்டி, ஆண்டிப்பட்டி, தேனி வழியாகப் போடிநாயக்கனூர் வரை ஏறத்தாழ 90 கி.மீ. நீளப் பாதை உள்ளது.

போடிநாயக்கனூர் பாதை

இப்பாதை 1928 இல் மீட்டர் பாதையாகத் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரின்போது தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு, 1950களில் மீண்டும் அமைக்கப்பட்டன. அகலப்பாதைப் பணிக்காக 2010 ஆம் ஆண்டின் இறுதியில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. தேனி வரை 2022 மே மாதத்திலும், போடிநாயக்கனூர் வரை 2023 சூன் மாதத்திலும் வண்டிகள் மீண்டும் ஓடத் தொடங்கின. இடைப்பட்ட பத்தாண்டுக்கும் மேலான காலத்தில் மக்கள் முழுமையாகப் பேருந்துகளுக்குப் பழகிவிட்டனர்.

திசைச் சிக்கல்

2022 இல் தொடங்கிய தேனி வண்டி மதுரையில் காலை 8.30 மணிக்குப் புறப்பட்டு 9.35 மணிக்குத் தேனியை அடைந்தது, மாலை 6.15 மணிக்குத் தேனியில் இருந்து திரும்பியது. மதுரையில் குடியிருந்து தேனி மாவட்டத்தில் பணிபுரியும் ஆசிரியர்களுக்கும் அலுவலர்களுக்கும் இவ்வமைப்பு பொருந்தும். ஆனால் தேனியில் இருந்து மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவுக்கோ, உயர்நீதிமன்றக் கிளைக்கோ, கல்லூரிக்கோ செல்பவருக்கு இது உதவாது. அவர் மாலை வண்டியில் சென்றால் இரவு அங்கேயே தங்கி, மறுநாள் வேலையை முடித்து, அதற்கடுத்த நாள் காலையில்தான் தொடர்வண்டியில் ஊர் திரும்ப இயலும். எனவே ஒரு மணி நேரத்தில் கடக்கக்கூடிய வழி இருந்தும், அவர் பேருந்தையே நாடவேண்டியுள்ளது.

இயக்கத் தடைகள்

ஊரக முனையத்தில் இருந்து விடியற்காலையில் வண்டி புறப்பட வேண்டுமானால், பெட்டித்தொடர் முந்தைய இரவே அங்கு நிறுத்தப்பட வேண்டும். ஓட்டுநர், காவலர் ஆகியோருக்கு ஓய்வறை, பெட்டிகளுக்குத் தண்ணீர், பாதுகாப்பு ஆகியவை தேவை. நிலையங்களிலும் கடவுப்பாதைகளிலும் அந்நேரத்தில் பணியாளர் இருக்க வேண்டும். பராமரிப்பு வசதிகள் பெரிய சந்திப்பிலேயே இருப்பதால், காலையில் நகரில் இருந்து வண்டியைப் புறப்படச் செய்து இரவில் திரும்பப் பெறுவது செலவு குறைந்த முறையாகும். ஒற்றைப் பாதையில் எதிர்வரும் வண்டிக்கு வழிவிட நிலையங்களில் காத்திருக்க வேண்டியிருப்பதும் கால அட்டவணையைக் கட்டுப்படுத்துகிறது.

தேவையை அளவிடுதல்

பயணச்சீட்டு விற்பனை, ஓடும் வண்டிக்கான தேவையை மட்டுமே காட்டும். ஓடாத வண்டிக்காக யாரும் சீட்டு வாங்குவதில்லை. ஆகவே குறைந்த விற்பனையைக் கொண்டு மக்களுக்குத் தொடர்வண்டி தேவையில்லை என முடிவு செய்வது பிழையாகலாம். அதே தடத்தில் விடியற்காலைப் பேருந்துகளில் காணப்படும் கூட்டம் இதற்கு நம்பகமான குறியீடாகும். அயர்லாந்தின் லிமெரிக்–பாலிபிரோஃபி போன்ற ஊரகப் பாதைகளிலும், வேலைக்குச் செல்லும் நேரத்துக்கு ஏற்ற வண்டி வேண்டும் என்னும் இதே வாதம் முன்வைக்கப்பட்டுள்ளது.

இணைப்புப் பேருந்து

சென்னையில் இருந்து இரவில் புறப்படும் பாண்டியன் விரைவு வண்டி பொழுது விடியும் முன்பே கொடைக்கானல் ரோடு நிலையத்தைக் கடக்கிறது. அங்கு இறங்குவோருக்கு மலைக்குச் செல்லும் பேருந்து உடனடியாகக் கிடைத்தால்தான் அந்நிறுத்தம் முழுப்பயன் தரும். பெரியகுளம், தேவதானப்பட்டி, வத்தலக்குண்டு ஆகிய ஊர்களுக்கு இருப்புப்பாதையே இல்லாததால், அவற்றை இணைத்துத் திண்டுக்கல்லில் இருந்து குமுளிப் பகுதிக்குப் புதிய பாதை அமைக்கவேண்டும் என்ற கோரிக்கை நெடுங்காலமாக உள்ளது. அத்தகைய பாதை அமைந்தாலும், அது எவருக்குப் பயன்படும் என்பதை முதல் வண்டி புறப்படும் நேரமும் திசையுமே முடிவு செய்யும்.