அம்மம்மாவுக்கு 24 பைட்

டோர்ட்மண்டில் எங்கட வீட்டில், என் அம்மா சொன்ன ஊர்க்கதைகளை மகள் கைபேசியில் பதிந்து வைத்திருக்கிறாள். ஒவ்வொரு கோப்புக்கும் ஊர், ஆட்கள், கதை எல்லாம் சேர்த்துத் தமிழிலேயே நீளமான பெயர். அவற்றை இணையச் சேமிப்பகம் ஒன்றுக்குப் பைதான் நிரலால் ஏற்றினோம். சில ஏறின, சில 400 என்ற பிழையோடு திரும்பின.

"தமிழ் சரிவராது போல. இங்கிலீஷில மாத்துவமா?" என்றாள் மகள்.

"முதல்ல சர்வர் அனுப்பின பதிலை முழுசா வாசிப்பம்" என்றேன். 413 வந்தால் கோப்பு பெரிது. 401 வந்தால் அனுமதிச் சாவியில் சிக்கல். எங்களுக்கு வந்த பதிலோ, பெயர் நீளம் என்றது.

யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட், ஜெர்மன் உம்லாட் எழுத்துக்கு 2, தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கும், புள்ளிக்கும், துணைக்குறிக்கும் 3. ஜெர்மனில் 'ஓமா' என்று எழுத 3 பைட் போதும். 'அம்மம்மா'வுக்கு 24 வேணும். லினக்ஸில் கோப்புப் பெயருக்கு வழமையான எல்லை 255 பைட்.

கோப்புக்கு 'கதை-07' என்று சின்னப் பெயர் வைத்து, முழுப் பெயரை விவரப் பகுதியில் தமிழிலேயே அனுப்பும்படி நிரலை மாற்றினோம். எல்லாம் ஏறின.

உங்கட பிள்ளைகள் தமிழில் பெயர் வைத்தால் மாற்றச் சொல்லாதீங்கோ. அந்த ஊர்ப் பெயர்களை நாளைக்கு அவர்கள் தேடப்போவதும் தமிழில்தான்.